முள் ஏறும் நேரம்

கடைத்தெரு நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்தபோது அமைதியாக இருந்த பழைய கார், நெடுஞ்சாலையில் ஏறி வேகமெடுத்ததும் சூடாவதும், அதே வயதுள்ள வேறொரு கார் நெடுஞ்சாலையில் சீராக ஓடிவிட்டுக் கடைத்தெருவில் நுழைந்ததும் ஆவி கக்குவதும் ஏன் என்ற கேள்வி, அத்தகைய வண்டியில் ஒருமுறையேனும் பயணம் செய்த எவருக்கும் எழுந்திருக்கும். இரண்டும் ஒரே நோய் என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர்; அதற்கு ரேடியேட்டரை மாற்றுவது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது, கூடுதலாக ஒரு மின்விசிறி பொருத்துவது என்ற ஒரே மருந்துப் பட்டியலையும் வைத்திருக்கின்றனர். பல சமயம் செலவு முழுவதும் ஆன பின்னரும் முள் பழைய இடத்திலேயே போய் நிற்கிறது. மிகைச்சூடு, அதாவது எஞ்சின் தன் இயல்பான வெப்பநிலையைத் தாண்டிச் சூடேறுவது, ஓர் அறிகுறியே. அது எந்த நேரத்தில், எந்த வேகத்தில் தோன்றுகிறது என்பதுதான் நோயின் இருப்பிடத்தைக் காட்டுகிறது என்பதை இந்த அத்தியாயம் ஓர் எடுத்துக்காட்டின் வழியே விளக்க முயல்கிறது.

நீருக்குள் இறங்கும் வெப்பம்

பெட்ரோல் எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கை மட்டுமே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாற்றுகிறது. மீதியில் ஏறக்குறைய பாதி புகைக்குழாய் வழியே வெளியேற, மறுபாதி சிலிண்டரின் சுவர்களுக்குள் இறங்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பநிலை 2000 டிகிரி செல்சியசைத் தாண்டும் என்பதையும், பிஸ்டன் செய்யப்படும் அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதையும் சேர்த்து நோக்கினால், சுவருக்குள் இறங்கிய வெப்பத்தை உடனுக்குடன் அப்புறப்படுத்துவது எஞ்சினின் உயிர்ப் பிரச்சினை என்பது விளங்கும்.

இரண்டு பேர் அமர்ந்த சிறிய விளையாட்டுக் கார் ஒன்று மணிக்கு 90 அல்லது 100 கிலோமீட்டர் வேகத்தில் சமதளத்தில் ஓடும்போது, அதன் குளிர்விப்பு நீருக்குள் ஏறத்தாழ 15 கிலோவாட் வெப்பம் இறங்குகிறது என்று கொள்ளலாம். வாளித் தண்ணீரைச் சுடவைக்க வீடுகளில் பயன்படும் ஒரு கிலோவாட் வாட்டர் ஹீட்டர் கம்பிகள் பதினைந்தை ஒரே நேரத்தில் ஒரே பாத்திரத்தில் போட்டது போன்ற அளவு அது. அந்தப் பாத்திரத்தில் உள்ள நீரோ ஏறக்குறைய ஐந்து லிட்டர் மட்டுமே. ஐந்து லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த 21 கிலோஜூல் ஆற்றல் போதும். ஆகவே நீரிலிருந்து வெப்பம் சிறிதும் வெளியேறாவிட்டால், ஒவ்வொரு நொடியும் வெப்பநிலை முக்கால் டிகிரி அளவுக்கு ஏறி, 30 டிகிரியில் இருந்த நீர் இரண்டு நிமிடத்துக்குள் கொதித்துவிடும். எஞ்சினின் இரும்பும் தன் பங்குக்குச் சிறிது வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் உண்மையில் நேரம் இதைவிடச் சற்று நீளுமே தவிர, ஆபத்து நீங்குவதில்லை. ஓடும் காரில் நீர் கொதிக்காமல் இருப்பது, வந்து சேரும் வெப்பம் அனைத்தும் அந்தந்த நொடியிலேயே வெளியேற்றப்படுவதால்தான்.

அரை லிட்டர் நீர், ஐந்நூறு லிட்டர் காற்று

வெளியேற்றும் வேலை இரு கட்டங்களாக நடக்கிறது. வாட்டர் பம்ப் தள்ளும் நீர் சிலிண்டர்களைச் சுற்றி ஓடி வெப்பத்தை வாங்கி, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் மேல்தொட்டிக்கு வந்து, மெல்லிய பித்தளைக் குழாய்களில் இறங்கும்போது வெப்பத்தைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியாக மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. நீர் நொடிக்கு அரை லிட்டர் வீதம் ஓடுவதாகக் கொண்டால், 15 கிலோவாட் வெப்பத்தைச் சுமந்து செல்ல அது மேலிருந்து கீழே வருவதற்குள் ஏழு டிகிரி மட்டும் குளிர்ந்தால் போதும். ரேடியேட்டரின் நுழைவாயிலுக்கும் வெளிவாயிலுக்கும் இடையிலான இந்த வேறுபாட்டை இனி 'இறக்கம்' என்று குறிப்பிடலாம். மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கின்றனர். நன்றாக வேலை செய்யும் அமைப்பில் முழுச் சுமையிலும் இறக்கம் பத்து டிகிரிக்குள் இருப்பதே இயல்பு.

காற்றின் நிலைமை வேறு. காற்றின் தன் வெப்ப ஏற்புத்திறன், அதாவது ஒரு கிலோகிராம் பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் ஆற்றல், நீருடையதில் கால் பங்குதான்; அதன் எடையோ ஒரு கன மீட்டருக்கு ஒரு கிலோகிராமைச் சிறிதே தாண்டுகிறது. அதே 15 கிலோவாட் வெப்பத்தை வாங்கிக்கொண்டு காற்று 30 டிகிரி சூடாகி வெளியேறுவதாகக் கணக்கிட்டால், நொடிக்கு அரைக் கன மீட்டர் காற்று, அதாவது ஐந்நூறு லிட்டர், ரேடியேட்டரை ஊடுருவிச் செல்ல வேண்டும். நீர் அரை லிட்டர். காற்று ஐந்நூறு லிட்டர். இந்த ஆயிரம் மடங்கு வேறுபாட்டை மனத்தில் நிறுத்தியவர்கள் மிகைச்சூட்டை ஆராயும்போது முதலில் காற்றின் பாதையைத்தான் பார்ப்பார்கள். பட்டறைகளில் பெரும்பாலும் முதலில் பார்க்கப்படுவது நீரின் பாதை.

காற்றைக் கொண்டு வெப்பத்தை அகற்றுவதன் கடினத்தைக் கோலார் தங்கவயலைப் போல அனுபவித்த ஊர்கள் உலகில் குறைவு. 1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் குழுமத்தின் பொறுப்பில் நவீனச் சுரங்கத் தொழில் தொடங்கிய அவ்வூரில், ஆண்டர்சன்பேட்டையை ஒட்டிய சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பநிலையே 60 டிகிரிக்கு மேல். தமிழகத்தின் வட மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளர்கள் அங்கே உயிரோடு வேலை செய்ய வேண்டுமானால், பெருமளவு காற்றை முதலில் குளிரூட்டி அதன் பிறகே கீழே அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பிய காற்று வேலை நடக்கும் முகப்பைத் தொடாமல் குறுக்கு வழியில் திரும்பிவிடக் கூடாது என்பதற்காகச் சுரங்கங்களில் கதவுகளும் தடுப்புகளும் அமைக்கப்படுவது உண்டு. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் மூடப்பட்ட அந்தச் சுரங்கங்களுக்குப் பொருந்திய விதி, ஒரு சிறிய காரின் முன்மூக்குக்கும் அப்படியே பொருந்துவதைக் கீழே காணலாம்.

உயரமும் மூடியும்

கடல் மட்டத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள தங்கவயலில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், திறந்த பாத்திரத்தில் நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். குடியாத்தம், பேர்ணாம்பட்டு வழியாகச் சமவெளியிலிருந்து மலைச்சாலையில் ஏறி வி.கோட்டாவைத் தாண்டி வரும் வண்டி, ஏறுவதற்காகக் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே, ஒவ்வொரு முந்நூறு மீட்டருக்கும் ஒரு டிகிரி கொதிநிலையையும் இழந்துகொண்டு வருகிறது. காற்று மெலிந்துபோவதால் அதே அளவு காற்று சுமக்கும் வெப்பமும் பத்தில் ஒரு பங்கு குறைகிறது.

இந்த இழப்பை ஈடுகட்டுவது ரேடியேட்டரின் மூடி. உள்ளே அழுத்தம் ஏற விட்டுக் கொதிநிலையை உயர்த்தும் ஸ்பிரிங் வால்வு அதில் உள்ளது; மாடலைப் பொறுத்து 7 அல்லது 13 என்று பொறித்திருக்கும் எண், ஒரு சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு அழுத்தம் வரை மூடி தாங்கும் என்பதைக் குறிக்கிறது. 7 பவுண்டு மூடி சரியாக வேலை செய்தால் தங்கவயல் உயரத்திலும் நீர் ஏறக்குறைய 109 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டாலோ, கழுத்தின் ஆழத்துக்குப் பொருந்தாத மூடியைப் போட்டதால் ஸ்பிரிங் அழுந்தாமல் நின்றாலோ, அந்த 12 டிகிரி பாதுகாப்பும் போய்விடுகிறது. சில நூறு ரூபாய் விலையுள்ள இந்தப் பொருளைச் சோதிக்காமல் ரேடியேட்டரைப் பிரிப்பது எவ்வகையிலும் நியாயமில்லை.

வண்டலூர் உறவு

எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்படும் கார் ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962-இல் இங்கிலாந்தில் அறிமுகமான இந்த இருவர் அமரும் திறந்த விளையாட்டுக் கார், 1959-இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அமைக்கப்பட்டது. இரண்டின் உடலையும் வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டுதான் சென்னையை அடுத்த வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரிக்கப்பட்டு, தென்னிந்தியத் தெருக்களில் நெடுங்காலம் ஓடியது. சோழவரம் விமான ஓடுதளத்தில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களிலும் மெருகேற்றிய ஹெரால்டுகள் ஓடின. இரு கார்களின் எஞ்சின்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஹெரால்டைப் பிரித்துப் பழகிய கைகளுக்கு ஸ்பிட்ஃபயர் அந்நியமாகத் தோன்றாது.

இந்தக் குடும்பத்துக்குச் சில தனித்தன்மைகள் உண்டு. மட்கார்டுகளோடு சேர்ந்த முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், எஞ்சினை இரு பக்கமும் நின்று பார்க்க முடியும். பெரும்பாலான பழைய கார்களில் விசிறி வாட்டர் பம்பின் அச்சில் இருக்கும். இங்கே அது கிராங்க் அச்சின் முனையிலேயே பொருத்தப்பட்டுள்ளது. ஆகவே பெல்ட் தளர்ந்தாலும் அறுந்தாலும் விசிறி நிற்காது. பம்பும் மின்சாரம் உண்டாக்கும் டைனமோவும்தான் நிற்கும். விசிறி சுழல்வதைக் கண்டு பெல்ட் நலமாக இருக்கிறது என்று முடிவு செய்வது இந்தக் காரில் தவறாகிவிடும். டாஷ்போர்டில் சார்ஜ் விளக்கு எரிகிறதா என்பதே சரியான சான்று. இன்னொரு தனித்தன்மை, ரேடியேட்டரின் இரு பக்கங்களிலும் நிற்கும் தடித்த அட்டைகள். முன்கிரில் வழியே நுழையும் காற்று பக்கவாட்டில் நழுவாமல் ரேடியேட்டருக்குள்ளேயே செல்ல வேண்டும் என்பதற்காக வைக்கப்பட்டவை அவை. அட்டை என்பதால் மழையில் ஊறி, எண்ணெயில் நனைந்து, சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை யாரும் திரும்ப வைப்பதில்லை. ஏனெனில் அது காரின் பாகம் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

ஒரு நோயறிதல்

ஆண்டர்சன்பேட்டையில் உள்ள ஒரு பட்டறைக்கு 1960-களின் பிற்பகுதியைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் ஒன்று வந்து நிற்பதாகக் கொள்வோம். ராபர்ட்சன்பேட்டை எம்.ஜி. மார்க்கெட் நெரிசலில் எவ்வளவு நேரம் நின்றாலும் முள் நடுவிலேயே நிற்கிறது. பெங்களூரு நெடுஞ்சாலையில் 60 கிலோமீட்டர் வேகம் வரையிலும் மாற்றமில்லை. 80-ஐத் தாண்டியதும் முள் நகரத் தொடங்கி, 90-இல் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. வேகத்தைக் குறைத்தால் சில நிமிடங்களில் இறங்கிவிடுகிறது. உரிமையாளர் ஏற்கனவே தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். பயனில்லாததால் புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டிருக்கிறார்.

முதல் கேள்வி, முள் சொல்வது உண்மையா என்பது. அக்காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் வெப்பமானியும் பெட்ரோல் அளவுமானியும், பேட்டரியின் ஏற்ற இறக்கம் அவற்றைப் பாதிக்காதபடி 10 வோல்ட் சராசரி அழுத்தத்தை வழங்கும் ஒரே மின்னழுத்தச் சீராக்கியிலிருந்து மின்சாரம் பெறுகின்றன. டாஷ்போர்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அந்தச் சிறிய பெட்டியின் எர்த் இணைப்பு துருப்பிடித்துவிட்டால், முழு மின்னழுத்தமும் இரு மானிகளுக்கும் போய், இரண்டு முட்களும் ஒருசேர மிகையாகக் காட்டும். டேங்கில் பாதிப் பெட்ரோல் இருக்கையில் முக்கால் என்று காட்டும் காரின் வெப்பமானியையும் நம்பக் கூடாது. இங்கே பெட்ரோல் முள் சரியாக இருப்பதாலும், மேல்தொட்டியில் ஒட்டிய தனி வெப்பமானி 98 டிகிரி காட்டுவதாலும், சூடு மெய்யானதே என்று உறுதியாகிறது.

அடுத்த கேள்வி, எப்போது என்பது. வண்டி நிற்கும்போது காற்றை இழுப்பது விசிறி மட்டுமே. வேகமாக ஓடும்போது விசிறிக்கு வேலை குறைவு, முன்னோக்கிய ஓட்டமே காற்றைத் தள்ளுகிறது. நெரிசலில் அமைதியாக இருக்கும் காரில் விசிறியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருந்தால் நெரிசலிலும் கொதித்திருக்கும். பெரிய அளவில் ஹெட் கேஸ்கெட் கசிந்திருந்தால் வேகத்தைக் குறைத்ததும் முள் இவ்வளவு ஒழுங்காக இறங்கியிருக்காது. உரிமையாளர் சொன்ன மூன்று வாக்கியங்களிலிருந்தே, ஒரு ஸ்பானரைக்கூட எடுக்காமல், சந்தேகப்பட்டியலில் பாதி அடிபட்டுப் போகிறது. எஞ்சியவை நான்கு: வேகத்தில் ரேடியேட்டருக்குள் போதிய காற்று செல்லாமை, குழாய்கள் பாதி அடைபட்டிருத்தல், அதிக சுழற்சியில் பம்பின் உறிஞ்சலால் கீழ் ஹோஸ் உட்சப்பிப் போதல், பற்றவைப்பு நேரம் பிந்துவதால் வெப்பமே மிகையாக உண்டாதல்.

இந்த நான்கையும் பிரித்தறிய உதவுவது முன்னர் கூறிய இறக்கம். ரேடியேட்டரின் மேல் வாயிலிலும் கீழ் வாயிலிலும் மெல்லிய வெப்ப உணர்வுக் கம்பிகள் இரண்டை நாடாவால் கட்டி, அவற்றின் மறுமுனையைக் காருக்குள் உட்காரும் ஒருவர் கையிலுள்ள மீட்டரில் இணைத்து, அதே நெடுஞ்சாலைத் துண்டில் 90 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துப்பாக்கி வடிவில் கிடைக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைப் பயன்படுத்துவோர், அதைப் பளபளக்கும் பித்தளை மீது நீட்டினால் அது பல டிகிரி குறைவாகக் காட்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். பளபளப்பான உலோகம் தன் வெப்பக் கதிரைக் குறைவாகவே உமிழும் என்பதே காரணம். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை ஒட்டி அதன் மேல் அளந்தால் பிழை நீங்கும்.

அளவீட்டில் மேல் வாயில் 98, கீழ் வாயில் 91, வெளிக்காற்று 32 என்று வருவதாகக் கொள்வோம். இறக்கம் ஏழு டிகிரி, இயல்பான அளவு. நீர் தாராளமாக ஓடுகிறது என்பதை இது சொல்கிறது. குழாய் அடைப்போ ஹோஸ் உட்சப்பலோ நீரின் ஓட்டத்தைப் பாதியாக்கியிருந்தால், அதே வெப்பத்தைச் சுமக்க இறக்கம் பதினான்கு டிகிரியாகியிருக்கும். நீர் தன் சுமையை ரேடியேட்டர் வரை சரியாகக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதை வாங்கிக்கொள்ள வேண்டிய காற்று, தண்ணீரை 98 டிகிரி வரை சூடேற விட்ட பிறகுதான் வாங்கிக்கொள்கிறது.

பற்றவைப்பைப் பற்றிய சந்தேகம் இன்னும் எஞ்சியிருக்கிறது. அதன் அறிகுறியும் நெரிசலில் அமைதி, வேகத்தில் சூடு என்பதேயாதலால் அதைத் தனியே சோதித்தாக வேண்டும். எரிதல் முற்றுப்பெற ஒரு நொடியின் ஐந்நூறில் ஒரு பங்கு அளவு நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் அந்த நேரத்துக்குள் கிராங்க் அச்சு 36 டிகிரி திரும்பிவிடும். ஆகவே சுழற்சி கூடக் கூடப் பொறியை முன்கூட்டியே பாய்ச்ச வேண்டும்; அதைச் செய்பவை டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் இரண்டு சிறு எடைகள். அவை துருவால் இறுகிவிட்டால் பொறி பிந்தி, பிஸ்டன் இறங்கும்போதும் எரிதல் தொடர்ந்து, புகை வெளியேறும் வழியைச் சூழ்ந்துள்ள நீருக்குள் மிகை வெப்பம் இறங்கும். ஸ்ட்ரோப் விளக்கைக் காட்டி எஞ்சினை முடுக்கும்போது புல்லியில் உள்ள குறி நகர்ந்தால் எடைகள் வேலை செய்கின்றன என்று பொருள். ஐந்து நிமிட வேலை. இந்தக் காரில் குறி ஒழுங்காக நகர்கிறது.

எஞ்சுவது காற்று. முன்பக்கத்தைச் சாய்த்துத் திறந்து, கிரிலுக்கும் ரேடியேட்டருக்கும் இடைப்பட்ட பகுதியைப் பார்த்தால், அட்டைகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஸ்குரூத் துளைகள் மட்டுமே உள்ளன. இரு பக்கமும் கை நுழையும் அளவு இடைவெளி. ரேடியேட்டரின் நெருக்கமான தகடுகள் காற்றுக்குத் தடை. பக்கத்து இடைவெளி தடையற்ற வழி. நுழையும் காற்று எளிய வழியையே தேடிக்கொள்கிறது. அது எஞ்சின் அறைக்குள் போய்க் குவிவதால், ரேடியேட்டரின் முன்னும் பின்னும் இருக்க வேண்டிய அழுத்த வேறுபாடு குறைந்து, நேராக வந்த காற்றும் உள்ளே நுழையத் தயங்குகிறது. வண்டி நிற்கும்போது விசிறி அருகிலிருந்தே உறிஞ்சுவதால் இந்தக் குறை வெளிப்படுவதில்லை. வேகம் ஏறி, வெப்பமும் ஏறும்போதுதான் வெளிப்படுகிறது.

தகடுகளின் நிலையையும் அதே நேரத்தில் பார்த்துவிடுவது நல்லது. தாதுவை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட கழிவு மண், ஊரார் சயனைடு மலை என்று அழைக்கும் மேடுகளாகத் தங்கவயல் முழுவதும் நிற்கிறது. காற்று வலுக்கும் மாதங்களில் அவற்றிலிருந்து எழும் மாவு போன்ற தூசி வீடுகளுக்குள்ளும் நுழைகிறது. கசியும் எண்ணெயோடு சேர்ந்தால் அது தகடுகளுக்கிடையில் களிம்பாக இறுகும். அதை முன்பக்கத்திலிருந்து நீர் பீய்ச்சிக் கழுவினால் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் கழுவ வேண்டும்.

பழைய துளைகளை அளவாகக் கொண்டு மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, விளிம்பில் ரப்பர் பட்டை ஒட்டி, இரு பக்கமும் பொருத்திய பின், அதே சாலைத் துண்டில், அதே வேகத்தில் மீண்டும் அளக்க வேண்டும். வேறு எதையும் அந்த வேளையில் மாற்றக் கூடாது. ஒரே நாளில் மூடி, பெல்ட், கூலன்ட், தகடு அனைத்தையும் மாற்றியவருக்குக் குணமாக்கியது எது என்று ஒருபோதும் தெரியவராது. இரண்டாம் அளவீட்டில், வெளிக்காற்று அதே 32 டிகிரியாக இருக்கையில், மேல் வாயில் 88 டிகிரியில் நிலைப்பதாகக் கொள்வோம். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்பநிலை இடைவெளியைப் பொறுத்தது. முன்பு 66 டிகிரி இடைவெளி தேவைப்பட்ட வேலைக்கு இப்போது 56 போதுமாகிவிட்டது. ரேடியேட்டரின் திறன் குறைந்தது ஆறில் ஒரு பங்கு கூடியிருக்கிறது, ரேடியேட்டரோ மாற்றப்படவில்லை.

வெளிக்காற்றின் வெப்பநிலையைக் குறித்து வைக்கும் பழக்கம் பெரும்பாலான பட்டறைகளில் இல்லாதது பெரிய குறை. தெர்மோஸ்டாட் முழுதும் திறந்துவிட்ட பின், வெளிக்காற்று ஒரு டிகிரி ஏறினால் நீரும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். தங்கவயலின் மார்கழிக் காலையில் சோதித்துக் குணமாகிவிட்டது என்று அனுப்பப்படும் கார், சித்திரை நண்பகலில் பதினைந்து, இருபது டிகிரி கூடுதலாகக் காட்டுவதில் வியப்பில்லை.

இறக்கம் மிகையானால்

இறக்கம் பதினைந்து, இருபது டிகிரி என்று வந்திருந்தால் கதை வேறு வழியில் சென்றிருக்கும். அப்போது நீரின் பாதையில் தடை தேட வேண்டும். கோலார் மாவட்டம் போன்ற கடும்பாறை நிலத்தில் முதல் சந்தேகம் தண்ணீரின் மீதே விழும். அங்குள்ள ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு மிகுந்த கடின நீர். சூடாகும்போது அதிலுள்ள சுண்ணாம்பு உப்புகள் மிகச் சூடான பரப்புகளிலேயே முதலில் படிகின்றன. ஆவியாகிக் குறைந்த நீருக்கு ஈடாக மீண்டும் மீண்டும் அதே நீரை ஊற்றும்போது படிவு தடிக்கிறது. அந்தப் படிவு வெப்பத்தை இரும்பைக் காட்டிலும் இருபது மடங்குக்கு மேல் மந்தமாகக் கடத்துவதால், ஒரு மில்லிமீட்டர் படிவு இரண்டு சென்டிமீட்டர் இரும்புச் சுவருக்குச் சமமான தடையாகிறது.

ரேடியேட்டரை மட்டும் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மாட்டியும் சூடு தீராத கார்களில், படிவும் துருச்சேறும் எஞ்சின் கட்டைக்குள் தங்கியிருப்பது வழக்கம். பம்பிலிருந்து மிகத் தொலைவில், நீரோட்டம் மந்தமாக உள்ள நான்காம் சிலிண்டரைச் சுற்றி அது சேர்கிறது. கட்டையின் பக்கவாட்டில் உள்ள வடிகால் குழாயைத் திறந்தால் நீர் வர வேண்டும். ஒரு சொட்டும் வராமல், கம்பியால் குத்தியதும் காப்பிப் பொடி நிறத்தில் குழம்பாக வழிந்தால், ஆண்டுகளாக அந்தச் சேறு அங்கே இருந்திருக்கிறது என்று கொள்ளலாம். தெளிந்த நீர் வரும்வரை எதிர்த்திசையில் நீர் பாய்ச்சிக் கழுவிய பின், காய்ச்சி வடித்த நீரோடு துருத்தடுப்பு சேர்ந்த கூலன்ட்டைக் கலந்து நிரப்ப வேண்டும். கூலன்ட்டில் உள்ள கிளைக்கால், தூய நீரைவிடக் குறைவான வெப்பத்தையே சுமக்கும் என்பது உண்மை. பாதிக்குப் பாதி கலந்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். நீர் பனிக்கட்டியாக உறையாத நாட்டில் மூன்றில் ஒரு பங்கு கிளைக்கால் போதும். துருவிலிருந்து கிடைக்கும் பாதுகாப்புக்கு அது சிறிய விலைதான்.

ஹெட் கேஸ்கெட் நுண்ணியதாகக் கசியும் காரில் எரிந்த வாயு நீருக்குள் புகுந்து குமிழியிடும். ரேடியேட்டர் கழுத்தின் மேலுள்ள காற்றை ஒரு நீல நிறத் திரவத்தின் வழியே இழுத்துப் பார்க்கும் சோதனையில், புகையிலுள்ள கார்பன் டைஆக்சைடு பட்டதும் நீலம் மஞ்சளாகிவிடும். இந்தச் சோதனை இருக்கையில், ஐயத்தின் பேரில் ஹெட்டைக் கழற்றத் தேவையில்லை.

கழற்றி எறியப்படும் தெர்மோஸ்டாட்

வெப்ப நாட்டில் தெர்மோஸ்டாட் தேவையில்லை என்ற எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 82 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும் இந்த வால்வு, முழுதும் திறந்த நிலையில் நீருக்குச் சிறிதளவே தடையாக இருக்கும். வேகத்தில் சூடாகும் காரில் அதைக் கழற்றுவதால் கிடைப்பது ஓரிரு டிகிரி மட்டுமே. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் நீர் மிக வேகமாக ஓடிக் குளிர்வதற்கு நேரமில்லாமல் போகும் என்று சிலர் கூறுவதும் சரியன்று. வேகமாக ஓடும் நீர் எப்போதும் கூடுதல் வெப்பத்தையே சுமக்கும், இறக்கம் மட்டும் சிறிதாகும். கழற்றுவதன் உண்மையான தீங்கு குளிர்ந்த நேரத்தில் நடக்கிறது: தங்கவயலின் இளங்காலையில் எஞ்சின் நெடுநேரம் 50, 60 டிகிரியிலேயே ஓடி, எரிதலில் உண்டான நீராவி எண்ணெயில் கலந்து சேறாகி, சிலிண்டர்கள் தேய்கின்றன. சூட்டுக்கு அஞ்சிச் செய்யும் இந்த வேலை, எஞ்சினின் ஆயுளைக் குளிரால் குறைத்துவிடுகிறது.

நிறுத்திய பின் ஏறும் முள்

நன்றாக ஓடி வந்த காரை நிறுத்தி, சாவியைத் திருப்பிச் சில நிமிடம் கழித்து மீண்டும் முடுக்கும்போது முள் முன்பைவிட உயரத்தில் நிற்பதைக் கண்டு பலர் பதறுகின்றனர். எஞ்சின் நின்றதும் பம்பும் விசிறியும் நின்றுவிட, நூறு டிகிரியைத் தாண்டிய உலோகத்தில் தேங்கியுள்ள வெப்பம் அசையாத நீருக்குள் இறங்குவதால் இது நிகழ்கிறது. இதை வெப்ப ஊறல் எனலாம். ஓட்டத்தில் 88 டிகிரியில் இருந்த நீர் ஐந்து, பத்து டிகிரி ஏறுவது இயல்பானதே; அழுத்தம் தாங்கும் மூடி இருக்கும்வரை கொதிக்காது. மலைச்சாலையில் ஏறி வந்த உடனே நிறுத்தாமல், ஓரிரு நிமிடம் மெதுவான சுழற்சியில் ஓட விட்டு நிறுத்தினால் ஊறல் பெருமளவு குறையும். அந்த நேரத்தில் மூடியைத் திறப்பது மட்டும் எக்காரணத்தாலும் கூடாது: 109 டிகிரியில் அழுத்தத்தால் அடங்கியிருக்கும் நீர், அழுத்தம் நீங்கிய கணத்தில் தன் கொதிநிலை 97 ஆகிவிட்டதால், ஒரு பகுதி உடனே ஆவியாகி மீதி நீரையும் தள்ளிக்கொண்டு முகத்தில் பாயும். மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் அழுத்திப் பார்த்து, அது தளர்ந்து எளிதாக மடங்கிய பிறகே மூடியைக் கால் திருப்புத் திருப்பி, ஆவி அடங்கும்வரை காத்திருந்து, பின்னர் முழுதும் எடுக்க வேண்டும்.